வட்டமா, திக்கலா?

புதுக்கோட்டையில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள். காலை மணி பதினொன்றேகால். சென்னையிலிருந்து யூடியூபில் நேரலைப் பயிற்சி வகுப்பு. ஒரே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஒன்பது நாற்காலிகளை இழுத்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் பயிற்சி கொடுக்கும் அதிகாரி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார். அவருடைய குரலுக்கு மட்டும் ஒரு தடங்கலும் இல்லை. படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று கணீரென்று சொல்லிக்கொண்டே போகிறது. ஐந்தாறு விநாடி கழித்து முகம் லேசாக அசைகிறது. இப்போது கண் மூடிய கோலத்தில் உறைந்துவிட்டார்.

"நெட் ஸ்லோ சார். காலையிலேருந்து இப்புடித்தான்" என்றார் ஆபரேட்டர் தம்பி.

"மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா" என்றார் கண்காணிப்பாளர் மேடம்.

பண்ணினார். நாலு நிமிடம் போனது. பக்கத்து அறையிலிருந்து "யாருய்யா அது நெட்டப் புடுங்குனது?" என்று ஒரு குரல் வந்தது. மோடத்தில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதிகாரியும் வந்தார். வந்து மறுபடியும் உறைந்தார்.

வேறு வேலையாக அங்கே போயிருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. "தம்பி, நெட்டு ஸ்லோன்னா குரலும் சேந்துதானே நிக்கணும்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டரில் வீடியோ ஓடவில்லை என்றால் பழி முதலில் இணையத்தின் மேல்தான் விழுகிறது. பாதி நேரம் அது பொய்ப் பழி. திரையில் வட்டம் சுற்றுகிறதா, படம் திக்குகிறதா என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும். வட்டம் சுற்றினால் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை. குரல் ஒழுங்காக ஓட, படம் மட்டும் திக்கினால் சரக்கு வந்துவிட்டது, பிரித்து வைக்கத்தான் கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இணைய வீடியோ சினிமாச் சுருள் மாதிரி ஒரே நீளமாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் பல தரத்தில் தயாராக இருக்கும். உங்கள் இணைப்பு இப்போது எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்ற துண்டை பிரவுசர் கேட்டு வாங்குகிறது. வாங்கியதில் கொஞ்சத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்கிறது. பஃபர் என்பது இந்தக் கையிருப்புதான். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குளியல் பாதியில் நிற்காது. தொட்டி வற்றும்போதுதான் வட்டம் சுற்றும். வற்றினால் படமும் குரலும் சேர்ந்தே நிற்கும்.

அந்த அலுவலகத்தில் வட்டம் சுற்றவே இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். திறந்து பார்த்தோம். சிபியு நூறு சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்து, யூடியூப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, கடைசியில் வரும் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தொட்டோம். மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அந்தப் பெட்டியை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், யூடியூபில் உருப்படியான பொருளே அதுதான் என்பேன். அதில் கையிருப்பு பத்து விநாடிக்கு மேல் இருந்தது. அதாவது தொட்டி நிறைந்திருக்கிறது. 'ட்ராப்டு ஃப்ரேம்ஸ்' என்ற எண்தான் ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போனது. வந்து சேர்ந்த படங்களைக் காட்ட நேரமில்லாமல் கம்ப்யூட்டர் கீழே போட்டுக்கொண்டிருந்த கணக்கு அது.

காரணமும் அதே பெட்டியில் இருந்தது. வீடியோவை அமுக்கிச் சுருட்டி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த ஹெச்.264 பழையது. அதை விரிக்க ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டரிலும் தனிச் சில்லு வசதி உண்டு. யூடியூப் இப்போது குரோம் பிரவுசருக்குப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய முறைகளில் அனுப்புகிறது. இவை இணையச் செலவைக் குறைக்கும், ஆனால் விரிக்கும் வேலையைக் கூட்டும். இன்டெல் சில்லுகளில் விபி9 விரிக்கும் முழு வசதி, 2016 கடைசியில் விற்பனைக்கு வரத்தொடங்கிய ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டரில் அந்தச் சுமை பெரும்பாலும் சிபியு தலையில் இறங்கும். நாம் பார்த்துக்கொண்டிருந்ததோ இரண்டு ஜிபி ரேமும் விண்டோஸ் 7உம் கொண்ட ஒரு முதியவர். பின்னணியில் ஆன்டிவைரஸ் வேறு அவரைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தது.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய தேதி 2020 ஜனவரி 14. அந்த வருடம் அன்றைக்குப் போகி. பழையன கழிய வேண்டிய நாளில் பொருத்தமாகத்தான் கழித்தார்கள், நம் அலுவலகங்கள்தான் கழிக்கவில்லை. குரோம் பிரவுசரும் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. 2023 பிப்ரவரிக்குப் பிறகு வந்த எந்தக் குரோமும் அதில் ஏறாது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் சில வருடங்களில் அந்தக் கம்ப்யூட்டர்களும் இதே வரிசையில் வந்து நிற்கும்.

உடனடியாக என்ன செய்தோம்? பல்சக்கரத்தைத் தொட்டுத் தரத்தை 1080இலிருந்து 480க்கு இறக்கினோம். திறந்து கிடந்த பதினான்கு டேப்களை மூடினோம். ஆன்டிவைரஸ் சோதனையைத் தள்ளிப்போட்டோம். அரை நிமிடத்தில் அதிகாரி சரளமாக அசையத் தொடங்கினார். "அட, சாரு கண்ணச் சிமிட்டுறாரே!" என்றார் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா.

தரத்தைக் குறைத்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் 2020ஐ நினைத்துப் பார்க்கலாம். ஊரடங்கு தொடங்கிய அந்த மார்ச் கடைசியில், கைபேசி இணைப்பில் வீடியோவை 480க்கு மேல் காட்டுவதில்லை என்று பெரிய வீடியோ நிறுவனங்களே கூடிப் பேசி முடிவெடுத்தன. கைபேசி இணைப்பில் நாடே அந்தத் தரத்தில்தான் பார்த்தது. ஒரு பயிற்சி வகுப்பைக் கேட்க அது தாராளம். கரும்பலகையில் பொடி எழுத்து இருந்தால் மட்டும் 720 வேண்டும்.

இனி, நிஜமாகவே வட்டம் சுற்றும் கதைக்கு வருவோம். அதிலும் குற்றவாளி ஒருவரே அல்ல.

முதலில் கணக்கு. யூடியூப் சொல்லும் அளவுப்படி 480க்கு 1.1 எம்பிபிஎஸ், 720க்கு 2.5, 1080க்கு 5, 4கே என்றால் 20 வேண்டும். இது ஒரு திரைக்கு. நம் நாட்டில் ஓர் இணைப்பை பிராட்பேண்ட் என்று அழைக்கக் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். 2023 ஜனவரியில்தான் இந்த வரம்பே வந்தது, அதற்கு முன்னால் 512 கேபிபிஎஸ். சட்டப்படி பிராட்பேண்ட் வைத்திருக்கும் ஒருவர் 720 தரத்தில் ஒரு பாடத்தைத் தடங்கலில்லாமல் பார்க்க முடியாமல் போகலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். பில்லில் போட்டிருக்கும் எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால்தான் விநாடிக்கு எத்தனை எம்பி இறங்கும் என்பது தெரியும். நாற்பது எம்பிபிஎஸ் என்றால் ஐந்து எம்பி. கடைக்காரர் இதை விளக்கிச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

பிறகு பங்காளிகள். அலுவலக இணைப்பு ஒருவருக்கானது அல்ல. ஒரு மேசையில் விண்டோஸ் அப்டேட் இறங்கும். இன்னொன்றில் முந்தாநாள் விழாப் படங்கள் முந்நூறு டிரைவில் ஏறும். வாசலில் இருக்கும் நாலு சிசிடிவி கேமராக்கள் படத்தை இரவும் பகலும் மேலே அனுப்பும். மேலே ஏற்றும் பாதை அடைத்துக்கொண்டால் கீழே இறங்குவதும் சுணங்கும் என்பது பலருக்குத் தெரியாது. துண்டு கிடைத்தது, அடுத்ததை அனுப்பு என்று கம்ப்யூட்டர் சொல்லும் பதிலும் அதே பாதையில்தான் போயாக வேண்டும். முக்கியமான நேரலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் படம் ஏற்றுகிறவரை ஒரு டீ குடித்து வரச் சொல்வது செலவில்லாத வைத்தியம்.

அப்புறம் சுவர். நம் ஊர் ராஜா காலத்து ஊர். மாவட்ட ஆட்சியர் அலுவலகமே தொண்டைமான் மன்னரின் அரண்மனையில்தான் இருக்கிறது. ராஜ வீதிகளில் நடந்தால் இன்றைக்கும் கனத்த சுவர் கட்டடங்களைப் பார்க்கலாம். வெயிலுக்கு அந்தச் சுவர் அமிர்தம், வைஃபைக்கு எமன். ரௌட்டரில் இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். அக்கம்பக்கத்துக் கடைகளின் ரௌட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குத்தான் அடித்துக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் கண்டால் சோர்ந்துவிடும். மேசையை விட்டு நகராத கம்ப்யூட்டருக்கு எதற்கு வைஃபை என்பதுதான் என் கேள்வி. ஒரு லேன் கேபிள் இழுத்தால் இந்தத் தொல்லை முழுதும் போயிற்று. அந்த கேபிளின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் லாக் உடைந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று மட்டும் குனிந்து பாருங்கள். நான் பார்த்த இரண்டு இடங்களில் இணையத்தை நிறுத்தியது எலிதான்.

ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் ஒரு விளக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மோடத்தில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை. அதற்கு மேல் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதில் பிரயோஜனம் இல்லை, லைன்மேன் தம்பியைக் கூப்பிடுவதுதான் வழி. மோடம் தானாகவே அணைந்து அணைந்து எரிந்தால் அதன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் அடாப்டர்தான் முதலில் போகும்.

கம்பி அறுந்துபோவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல், கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையையும் பலாவையும் சாய்த்ததோடு மின்கம்பங்களையும் வரிசையாகச் சாய்த்தது. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. செல்போனை சார்ஜ் போட ஜெனரேட்டர் ஓடும் இடம் தேடி மக்கள் அலைந்தார்கள். மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தில் நம் மாவட்டத்தின் ஊராட்சிகளும் அடக்கம். அந்த இழையும் பெருமளவு மின்கம்பங்களின் மேலேதான் போகிறது. அடுத்த கஜா வந்தால் கம்பத்தோடு இழையும் விழும். இது திட்டத்தின் மீது குறை சொல்வதற்காக அல்ல. பூமிக்கடியில் பதித்தாலும் சாலை தோண்டும் பொக்லைன் விட்டுவைக்கவா போகிறது?

சில நேரம் கோளாறு உங்கள் பக்கமே இருக்காது. தை பிறக்கும் முன்பே, கந்தர்வகோட்டை அருகே தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறக்கும். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்று தமிழ்நாடே அதைப் பார்க்கும். அன்றைக்கு மாவட்டத்தின் எத்தனை அலுவலகக் கம்ப்யூட்டர்களில், எக்செல் ஷீட்டுக்குப் பின்னால் ஒரு காளை ஓடிக்கொண்டிருக்கும் என்பதை யாரும் கணக்கெடுக்க வேண்டாம். காளை வாடிவாசலைத் தாண்டும் நேரம் பார்த்து வட்டம் சுற்றும். எல்லோரும் தங்கள் மோடத்தைத் திட்டுவார்கள். நடப்பது வேறு. களத்தில் ஆயிரக்கணக்கான பேர் கையில் செல்போன். எல்லாம் ஒன்றிரண்டு டவரையே பிடித்துத் தொங்குகின்றன. நேரலை அனுப்பும் தம்பியின் போனும் அதே கூட்டத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர் பக்கம் மேலே ஏறவில்லை என்றால் நீங்கள் இங்கே ஜிபிபிஎஸ் இணைப்பு வைத்திருந்தும் பயனில்லை. சோதிப்பது சுலபம். வேறொரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் உங்கள் வீட்டில் குற்றமில்லை. நேரலை எப்படியும் சில விநாடி, சில சமயம் அரை நிமிடம்கூடப் பின்தங்கித்தான் வரும். களத்தில் நிற்கும் மச்சான் போனில் "புடிச்சுட்டான்டா!" என்று கத்திய பிறகுதான் உங்கள் திரையில் காளை வெளியே வரும். அது கோளாறே அல்ல.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. வட்டமும் இல்லை, திக்கலும் இல்லை. கறுப்புத் திரை, அல்லது ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. இங்கேதான் அலுவலகக் கம்ப்யூட்டர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து விலகி நிற்கிறது.

அலுவலக வலையமைப்பில் ஃபயர்வால் என்ற காவல்காரர் இருப்பார். வீடியோ தளங்களை மொத்தமாக மூடி வைத்திருக்கலாம். அல்லது தளத்தைத் திறக்கவிட்டு, படத்துண்டுகள் வருகிற முகவரியை மட்டும் மூடி வைத்திருக்கலாம். அப்போது பக்கம் வரும், தலைப்பு வரும், படம் மட்டும் வராது. சோதனை இதுதான்: உங்கள் செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் சொந்த லேப்டாப்பை இணைத்து அதே வீடியோவைப் போடுங்கள். அங்கே ஓடினால் இங்கே இருப்பது கோளாறு அல்ல, பூட்டு. பூட்டைத் திறக்கச் சாவி வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். இலவச விபிஎன் ஒன்றை இறக்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லும் நண்பர்கள் எல்லா ஆபீசிலும் இருப்பார்கள். பொதுமக்களின் ஆதார் எண்ணும் பட்டா விவரமும் ஓடும் கம்ப்யூட்டரில், யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு சுரங்கத்தைத் திறந்துவிடுவது ஒரு பயிற்சி வீடியோவுக்குக் கொடுக்கும் விலையா? வேண்டவே வேண்டாம்.

எச்சரிக்கை வந்தால், வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்று பிரவுசர் அடம் பிடித்ததால் மூன்று நாள் நெட் கம்பெனிக்குப் போன் போட்ட ஒரு ஜெராக்ஸ் கடை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பத்து வருடத்துக்கு முந்தைய தேதியில் நின்றுகொண்டிருந்தது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கம்ப்யூட்டர் பழைய காலத்தில் இருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். மதர்போர்டில் எட்டணா அளவில் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். கரண்ட் போனாலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பின்னால் ஓடிவிடும். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில்கூடக் கிடைக்கிற சமாச்சாரம்.

படம் வருது, சத்தம் வரல என்ற புகாருக்கு ஒரே வரிதான். திரையையோ புரொஜெக்டரையோ ஹெச்டிஎம்ஐ வயரில் மாட்டினால், சத்தமும் அந்த வயர் வழியாகவே போய்விடும். ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு வேறு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

பள்ளிகளுக்கு இதெல்லாம் இன்னும் அவசரம். 2020 அக்டோபரிலேயே, ஆசிரியர்களுக்கான நிஷ்தா பயிற்சி தீக்‌ஷா தளத்தின் வழியே வீடியோவாக வந்தபோது, பாதியில் நின்ற வீடியோவை முதலிலிருந்து பார்த்த கதை எத்தனையோ ஓய்வறைகளில் இன்னும் ஓடுகிறது. பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடும், கல்வித் தொலைக்காட்சியும், ஹைடெக் லேபும், ஸ்மார்ட் வகுப்பறையும் வந்துவிட்டன. எல்லாமே கடைசியில் ஒரு வீடியோ ஓடுவதை நம்பித்தான் நிற்கின்றன. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வட்டம் சுற்றினால் வகுப்பு வகுப்பாக இருக்காது. அனுபவப்பட்ட ஆசிரியர்கள் முந்தின நாள் மாலையே வீடியோவை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள், தரவிறக்க அனுமதி உள்ளதைப் பென்டிரைவில் ஏற்றியும் வைத்துக்கொள்கிறார்கள். இதைவிட நல்ல தொழில்நுட்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதே மாவட்டத்தில்தான் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். இன்று அவர்கள் வயதுக்கு மகளாகவோ பேத்தியாகவோ இருக்கக்கூடிய பெண்கள் இ-சேவை மையங்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். செயின் கழன்றால் மாட்டத் தெரிகிற வரை சைக்கிள் முழுசாக நம்முடையது ஆவதில்லை. டாஸ்க் மேனேஜரும் அப்படி ஒரு செயின்தான். திறந்து பார்க்க எந்தப் பட்டப்படிப்பும் வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வட்டம் சுற்றினால், புகார் கொடுங்கள். ஆனால் "நெட் ஸ்லோ" என்று கொடுக்காதீர்கள். லேன் கேபிளில் மாட்டி, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காலை, மதியம், இரவு என மூன்று வேளை வேகத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். நிறுவனத்தின் புகார் மையத்தில் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மூன்று நாள் அளவு கையில் இருக்கும் வாடிக்கையாளரிடம் கால் சென்டர் குரலே வேறு மாதிரி பேசும்.

சென்ற வாரம் அந்த அலுவலகத்துக்கு மறுபடியும் போக வேண்டியிருந்தது. புதுக் கம்ப்யூட்டர் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் போட்டாயிற்று என்று தம்பி சந்தோஷமாகச் சொன்னார். நகலையும் எடுத்துக் காட்டினார். பொருள் என்ற இடத்தில் இப்படி இருந்தது: இணைய வேகம் குறைவாக உள்ளது தொடர்பாக.